மிலிட்டரி லாரிக்கு டோ பார் மாட்டி இழுக்கிறது: பாரை விட பெரிய வேலை வண்டிக்கு அடியில இருக்கு

எங்க ஊர்ப்பக்கம் ஒரு தம்பி ஏலத்துல ஆர்மி டிஸ்போசல் ஸ்டாலியன் லாரி ஒண்ணு எடுத்து வச்சிருக்கான். குவாரி ரோட்ல பிரேக்டவுன் ஆகி நிக்கிற டிப்பருங்கள இழுத்து குடுத்து சம்பாதிக்கலாம்னு ஐடியா. "ண்ணா, நீங்க இஎம்இ-ல இருந்தீங்களே, ஒரு டோ பார் அடிச்சு மாட்டணும், என்ன பைப்பு வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னு போன் பண்ணான். இஎம்இ-ன்னா ஆர்மில வண்டி, மெஷின் எல்லாம் ரிப்பேர் பாக்குற பிரிவு; டோ பார்ங்கிறது நின்னு போன வண்டிய இன்னொரு வண்டியோட சேத்து இழுக்குற இரும்பு தடி. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, பைப்பு என்ன சைஸ், ஊக்கு எங்க கிடைக்கும், அவ்ளோதான். பார் மாட்டுறது கால் மணி நேர வேலை, அதுக்கு முன்னாடி இழுக்கப்பட போற வண்டிக்கு அடியில படுத்து பண்ற வேலைதான் நிஜமான வேலை, அதை யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. போன்ல சொன்னா பாதி மறந்துடுவான், அதான் எழுதிட்டேன், வேற யாருக்காவது உதவுனாலும் சரி.

நான் வெஹிக்கிள் மெக்கானிக். செகந்திராபாத்ல ட்ரெயினிங், அப்புறம் சர்வீஸ்ல பெரும்பாலும் ஜம்மு காஷ்மீர், லடாக் பக்கம்தான். நின்னு போன வண்டிக்கு ஆர்மில கேஷுவாலிட்டின்னு பேரு, ஆளுக்கு சொல்ற அதே வார்த்தைதான். எங்களுக்கு வந்த கேஷுவாலிட்டில அதிகம் ஸ்டாலியன்தான். அசோக் லேலண்ட் டிசைன், ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபேக்டரில தயாராகுறது, நாலு சக்கரமும் இழுக்குற 5/7.5 டன் வண்டி, அதாவது காட்டு மேட்டுல 5 டன், நல்ல ரோட்ல 7.5 டன் ஏத்தலாம். டாடாவோட 2.5 டன் வண்டியும் வரும், ஆனா அது லேசு. ஸ்டாலியன் காலியாவே ஆறு டன்னுக்கு மேல, ரேஷனோ அம்யூனிஷனோ ஏத்திட்டு நின்னுச்சுன்னா பத்து டன்னைத் தாண்டிடும்.

கயிறோ செயினோ போட்டு இழுக்க கூடாதான்னு கேப்பாங்க. சமதரையில, பக்கத்துல இருக்குற ஒர்க்ஷாப் வரைக்கும்னா இழுக்கலாம், பின்னாடி வண்டில பிரேக்கும் ஒரு நல்ல டிரைவரும் இருந்தா. இறக்கத்துல கயிறு ஒரு வேலையும் செய்யாது. முன்னாடி வண்டி பிரேக் அடிச்சா பின்னாடி வண்டி நேரா வந்து முட்டும், இல்லன்னா கயிறு தொய்ஞ்சு போய் திரும்ப விறைக்கிறப்போ ஒரு குலுக்கு குலுக்கும் பாருங்க, அந்த குலுக்குல அறுந்து வர்ற செயின் கேபின் கண்ணாடிய உடைச்சுட்டு உள்ள வந்துடும். பத்து டன் வண்டிய பத்துக்கு ஒண்ணு ஏத்தத்துல மெதுவா இழுத்தாலே ஒரு டன்னுக்கு மேல இழுப்பு வரும், குலுக்கு குடுத்தா அது பல மடங்கு ஆகும். பார் அப்படி இல்ல. மாட்டு வண்டில ஏர்க்கால் இருக்குல்ல, மேட்டுல மாடு அதால வண்டிய இழுக்கும், இறக்கத்துல அதே ஏர்க்காலால வண்டிய தடுத்து நிறுத்தும், பார் பண்றது அதே வேலைதான்.

பார்ல ரெண்டு டைப். ஒண்ணு நேர் பார், ஒத்தை தடி, ரெண்டு பக்கமும் வளையம். இது ரெண்டு முனையிலயும் ஆடும், அதனால பின்னாடி வண்டில டிரைவர் ஸ்டீரிங் பிடிச்சே ஆகணும். இன்னொண்ணு ஏ-ஃப்ரேம், ஏ எழுத்து மாதிரி ரெண்டு கை, கை ரெண்டும் கேஷுவாலிட்டி வண்டியோட முன்பக்கம் சேஸ்ல இருக்குற ரெண்டு டோயிங் பாயிண்ட்ல மாட்டும், கூர் முனையில இருக்குற வளையம் இழுக்குற வண்டியோட பின் ஊக்குல விழும். இதுல வண்டி மூஞ்சி தானா திரும்பும், முன் சக்கரம் தானா பின்னாடியே திரும்பி வரும். மலை ரோட்டுக்கு ஏ-ஃப்ரேம்தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஏ-ஃப்ரேம் மாட்டிட்டு ரிவர்ஸ் எடுக்க கூடாது, எடுத்தா பின்னாடி வண்டியோட முன் சக்கரம் ஏதாவது ஒரு பக்கம் முழுசா திரும்பி பூட்டிக்கும், ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு வளைஞ்சு போகும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே எங்க திருப்ப போறோம்னு யோசிச்சுக்கணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி கேஷுவாலிட்டியோட டோயிங் பாயிண்ட்ட பாருங்க. பம்பர்ல இல்ல, சேஸ்ல இருக்கணும். துணிய டீசல்ல நனைச்சு துடைச்சுட்டு விரிசல் இருக்கான்னு பாக்கணும், ஆக்ஸிடென்ட் ஆன வண்டின்னா ஒரு பக்க பாயிண்ட் உள்ள தள்ளி போயிருக்கும், அப்போ ஏ-ஃப்ரேமோட ரெண்டு கையும் ஒரே சீரா உக்காராது. அடிச்சு உக்கார வைக்காதீங்க. பின்னு கையால தள்ளுனா உள்ள போகணும், லேசா தட்டலாம், சம்மட்டி எடுக்குற நிலைமை வந்தா ஏதோ கோணலா இருக்குன்னு அர்த்தம். டி-ஷேக்கிள் (டி வடிவ இரும்பு வளையம்) போட்டு மாட்டுறதா இருந்தா திருகு பின்னை முழுசா இறுக்கிட்டு, கம்பி போட்டு கட்டிடணும், கட்டாம விட்டா அதிர்வுல தானா கழண்டுடும்.

பின்னோட கதை ஒண்ணு இருக்கு. ஒரு தடவை வேற யூனிட் வண்டி ரெண்டு ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு எங்களை தாண்டி போச்சு. பாரோட ஒரு கைக்கு ஒரிஜினல் பின்னு தொலைஞ்சு போயிருக்கு, அவங்க கையில இருந்த சாதா போல்ட்ட போட்டு நட்டு மாட்டிட்டாங்க. சாதா போல்ட்டு வெட்டுற மாதிரி வர்ற லோட தாங்காது, அதுவும் மரை இருக்குற இடம் ஓட்டைக்குள்ள உக்காந்திருந்தா இன்னும் சீக்கிரம் போயிடும். ஒரு கொண்டை ஊசி வளைவுல அது ரெண்டா வெட்டிருச்சு. ஒத்தை கையில தொங்குன வண்டி பக்கவாட்டுல போய் மலைப்பக்க சுவத்துல உரசி நின்னுச்சு. பள்ளத்துப் பக்கம் போகலன்னா அதுக்கு ஒரே காரணம் அவங்க போட்டிருந்த சேஃப்டி செயின். அதுக்கப்புறம் எங்க உஸ்தாத் (வேலை கத்துக் குடுக்குற சீனியர்) புதுசா வர்ற பசங்களுக்கு முதல் பாடமே பின்னுதான் வச்சாரு, பின்னு, அது கழண்டு வராம பூட்டுற ஸ்ப்ளிட் பின், ரெண்டும் சின்ன செயின்ல பாரோடயே வெல்டு பண்ணி இருக்கணும், தனியா டப்பாவுல இருக்க கூடாது.

சேஃப்டி செயின் ரெண்டு போடணும், பாருக்கு அடியில குறுக்கு மறுக்கா, வலது இடதுக்கும் இடது வலதுக்கும். பார் கழண்டாலும் முனை தரையில குத்தாம அந்த செயின் மேலயே விழும். வளைவுல இழுக்காத அளவுக்கு தொய்வு இருக்கணும், தரையில உரசவும் கூடாது.

அடுத்து ஊக்குல வளையத்த விழ வைக்கிறது. அடிபடுற ஆளுங்க அதிகம் இங்கதான் அடிபடுவாங்க. இழுக்குற வண்டி ரிவர்ஸ்ல வரும், ஒருத்தன் ரெண்டு வண்டிக்கும் நடுவுல நின்னு பாரை தூக்கி பிடிச்சுக்கிட்டு "ஆவோ ஆவோ"ன்னு (வா வான்னு) கத்துவான். பண்ணாதீங்க. முதல்ல கேஷுவாலிட்டிக்கு நாலு சக்கரத்துலயும் கட்டை. அப்புறம் பாரோட முனைய ஒரு ஜாக்கியோ மரக்கட்டை அடுக்கோ வச்சு ஊக்கு உயரத்துக்கு நிறுத்திடுங்க. கைடு பண்றவன் டிரைவர் கண்ணாடில தெரியுற மாதிரி பக்கவாட்டுல நிக்கணும், அவனை கண்ணாடில காணோம்னா டிரைவர் உடனே நிறுத்தணும். கடைசி ஒரு அடி வந்ததும் வண்டிய நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல் பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் ஆள் உள்ள போகலாம். ஊக்கு மூடுனதும் லாக் விழுந்துச்சான்னு கண்ணால பாத்தா பத்தாது, கையால ஆட்டி பாத்து லாக் பின்ன குத்தணும். பார் தரைக்கு ஓரளவு மட்டமா இருக்கணும், ரொம்ப சாய்வா இருந்தா பிரேக் அடிக்கிறப்போ முன்னாடி வண்டியோட பின்பக்கத்தை தூக்கவோ அமுக்கவோ பாக்கும், ஈர ரோட்ல அது வழுக்கிட்டு போக போதும்.

இப்போ அடியில படுக்குற வேலை. முதல்ல காத்து.

ஏர் பிரேக் வண்டில ஹேண்ட் பிரேக் ஸ்ப்ரிங்கால பிடிக்கிறது, காத்துதான் அதை விடுவிக்கும். இன்ஜின் செத்த வண்டி ராத்திரி முழுக்க நின்னா காத்து கசிஞ்சு இறங்கிடும், அப்போ பின் சக்கரம் பூட்டிக்கும். சிவில்ல நான் பாத்தது, அப்படியே இழுப்பாங்க, சக்கரம் சுத்தாம தேய்ஞ்சுக்கிட்டே வரும், இல்லன்னா பாதி விட்டும் விடாம பிரேக் பட்டை உரசி உரசி ட்ரம் சிவந்து கிரீஸ் உருகி டயர் பத்திக்கும். சரியான வழி, இழுக்குற வண்டிலேர்ந்து ஹோஸ் போட்டு பின்னாடி வண்டி டேங்குக்கு காத்து குடுக்கிறது. மீட்டர்ல ஏறி நின்னதும் ஹேண்ட் பிரேக் லீவர விட்டுட்டு சக்கரம் சுத்துதான்னு பாக்கணும். காத்து அழுத்தத்த 5 பாருக்கு (இது டோ பார் இல்ல, அழுத்தத்தோட அளவு) கீழ இறங்க விட்டா ஸ்ப்ரிங் மெல்ல பிடிக்க ஆரம்பிக்கும், டிரைவருக்கு தெரியாது, வண்டி கனமா இருக்குன்னு மட்டும் நினைப்பான். காத்து குடுத்துட்டே போனா இன்னொரு லாபம், பின்னாடி உக்காந்திருக்குறவனுக்கு கால் பிரேக்கும் வேலை செய்யும். மேல போக போக காத்து லேசாயிடும், 11,000 அடில கம்ப்ரஸர் டேங்க நிரப்ப கீழ எடுக்குறத விட நேரம் எடுக்கும், அவசரப்படாம இன்ஜின ஓட விட்டு நில்லுங்க.

லைனே உடைஞ்சு காத்து நிக்கலன்னா பிரேக் சேம்பர் பின்னாடி ஒரு நீள போல்ட்டு இருக்கும், அதை திருகி ஸ்ப்ரிங்க பின்னாடி இழுத்து வச்சு சக்கரத்த விடுவிக்கலாம். சேம்பரோட கிளாம்ப மட்டும் கழட்ட போகாதீங்க, உள்ள அமுங்கி இருக்குற ஸ்ப்ரிங்ல கிட்டத்தட்ட ஒரு டன் பலம் இருக்கு, கழண்டு தெறிச்சா எதிர்ல இருக்குறவன் பிழைக்க மாட்டான். இப்படி திருகி விட்ட வண்டிக்கு ஹேண்ட் பிரேக்குங்கிறதே கிடையாது, காத்தும் இல்லன்னா எந்த பிரேக்கும் கிடையாது, முழு லோடும் முன்னாடி வண்டி பிரேக் மேலதான். அப்படிப்பட்ட வண்டிய அதே சைஸ் வண்டி வச்சு மலை இறக்க மாட்டோம், ரெக்கவரி வண்டி வர்ற வரைக்கும் காத்திருப்போம். டீ போட்டு குடிச்சுட்டு காத்திருக்குறதுல ஒரு அவமானமும் இல்ல.

ரெண்டாவது ஜாயின்ட், அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் பக்கத்துலேர்ந்து ஆக்சிலுக்கு சுழற்சிய கொண்டு போற நீள தடி. சக்கரம் உருண்டா ஆக்சில் நடுவுல இருக்குற பெரிய பல்சக்கரம், அதான் கிரவுன், சுத்தும், ஜாயின்ட் சுத்தும், கியர் பாக்ஸோட மெயின் ஷாஃப்ட்டும் சுத்தும். "நியூட்ரல்ல தானே இருக்கு, என்ன ஆகும்"னு கேப்பாங்க. கியர் பாக்ஸ்ல ஆயிலை வாரி மேல தெளிக்கிறது இன்ஜின் ஓடுறப்போ சுத்துற கீழ் ஷாஃப்ட்டு. இன்ஜின் ஓடலன்னா அது நிக்குது, மேல் ஷாஃப்ட்டு மட்டும் ஆயில் இல்லாம சுத்திக்கிட்டே வருது, கொஞ்ச தூரத்துலயே பேரிங் நீலம் பூத்துடும். இன்ஜின் ரிப்பேருக்கு இழுத்துட்டு போன வண்டி கியர் பாக்ஸ் ரிப்பேரையும் சேர்த்து வாங்கிட்டு வரும். ஸ்டாலியன்ல முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்ப பிரிச்சு குடுக்குற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியா இருக்கு, ரோட்லேர்ந்து ஓரமா ஒதுக்குற அளவுக்குன்னா அதை நியூட்ரல்ல போட்டு இழுத்துக்கலாம், அதுக்கு மேலன்னா ஜாயின்ட்ட கழட்டிடணும். நாலு சக்கர டிரைவ் வண்டிங்கிறத மறக்காதீங்க, முன் ஜாயின்ட்டும் பின் ஜாயின்ட்டும் ரெண்டும் கழட்டணும். கழட்டுறதுக்கு முன்னாடி ஃப்ளாஞ்ச் (போல்ட்டு போட்டு சேர்க்குற வட்ட தகடு) ரெண்டுலயும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுடுங்க, திரும்ப மாட்டுறப்போ அதே கோட்டுல மாட்டலன்னா வண்டி ஓடுறப்போ உதறும். போல்ட்டுங்கள அதே ஓட்டையில திரும்ப மாட்டி வச்சுட்டா தொலையாது. ஒரு முனைய மட்டும் கழட்டி கயித்துல கட்டி தொங்க விடுற வேலை வேண்டாம், கயிறு அறுந்து ஜாயின்ட்டு ரோட்ல குத்துனா வண்டியவே தூக்கிடும்.

கிரவுனே உடைஞ்சிருந்தா ஜாயின்ட்ட கழட்டுனாலும் பிரயோஜனம் இல்ல, ஹவுசிங்குக்குள்ள துண்டு சிக்கி சக்கரம் பூட்டிக்கும். அப்போ ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட்ட உருவணும். லாரில ஹப்போட கனத்த தாங்குறது ஹவுசிங்தான், ஷாஃப்ட்டு சுத்த மட்டும்தான், அதனால உருவுனாலும் சக்கரம் கழண்டு வராது. ஹப் வாய சாக்கு துணியோ தகரமோ வச்சு நல்லா மூடி கட்டிடுங்க, இல்லன்னா ஆயில் வெளிய வரும், தூசி உள்ள போகும், லடாக் தூசி பேரிங்க தின்னுடும்.

ஸ்டீரிங் பத்தி ரெண்டே வார்த்தை. இன்ஜின் ஓடலன்னா பவர் ஸ்டீரிங் கல்லு மாதிரி ஆயிடும், பின்னாடி உக்காற ஆளு கைல தெம்பு இருக்குறவனா இருக்கணும், ஏ-ஃப்ரேம் போட்டா அவன் ஸ்டீரிங்கோட சண்டை போடாம சக்கரம் போற போக்குல விட்டு லேசா பிடிச்சுக்கிட்டாலே போதும். கட்டை விரலை ஸ்டீரிங் கம்பிக்குள்ள விட்டு பிடிக்காதீங்க, கல்லுல ஏறி திருப்பி அடிச்சா விரல் உடையும்.

லைட்டு. பின்னாடி வண்டிக்கு பேட்டரி இருந்தா ஹசார்டு, இல்லன்னா வயர் இழுத்து ஒரு டெயில் லேம்ப் கட்டணும். "ஆன் டோ"ன்னு பெரிய எழுத்துல போர்டு. 1989-ல வந்த சாலை விதிகள்லயே இதெல்லாம் இருந்துச்சு, ரெண்டு வண்டிக்கும் நடுவுல அஞ்சு மீட்டருக்கு மேல இடைவெளி கூடாது, ஸ்பீடு 24 கிலோமீட்டர தாண்ட கூடாது, இழுக்கப்படுற வண்டில லைசென்ஸ் உள்ள ஆள் உக்காரணும்னு. சிவில்ல யாரும் மதிச்சு நான் பாத்ததில்ல, ஆனா அந்த 24 சும்மா வச்ச நம்பர் இல்ல, அதுக்கு மேல போனா பின்னாடி வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும்.

ஓட்டுறதுக்கு காஷ்மீர்லேர்ந்து லடாக் போற சோஜிலா கணவாய் மாதிரி வாத்தியார் கிடையாது. 11,500 அடிக்கு மேல, சோனமார்க்குக்கும் த்ராஸுக்கும் நடுவுல இருக்கு, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பாதாளம், பல வருஷமா ஒரு நேரம் மேல ஏற, ஒரு நேரம் கீழ இறங்கன்னுதான் வண்டி விடுவாங்க. நடுவுல நாம நின்னா பின்னாடி கான்வாய் மொத்தமும் நிக்கும், சிவில் லாரிக்காரனெல்லாம் இறங்கி வந்து யோசனை சொல்லுவான். 1948 நவம்பர்ல நம்ம ஆர்மி இதே கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிய ஏத்துனாங்க, டாங்கி வர்றது எதிரிக்கு தெரிய கூடாதுன்னு டர்ரெட்ட (பீரங்கி இருக்குற மேல் கூண்ட) கழட்டி மூடி கொண்டு வந்தாங்க, டாங்கி போற அளவுக்கு பாதைய அகலப்படுத்துனது ஆர்மியோட இன்ஜினியர் படையான நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ். அந்த வழில பார் போட்டு ஒரு லாரிய இறக்கவே நமக்கு உள்ளங்கை வேர்க்குது, அவங்க எப்படித்தான் பண்ணாங்களோ.

இறங்குறப்போ, சோனமார்க் பக்கம் அடிவாரத்துல இருக்குற பால்டால நோக்கி சரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நின்னு ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல லோ ரேஞ்ச் போட்டுடுவோம். ஏறுறதுக்கு எந்த கியர் வேணுமோ அதைவிட ஒரு கியர் கீழயே இறக்கத்துக்கு. நடுச்சரிவுல கியர் மாத்த முயற்சி பண்ணி கியர் விழாம போச்சுன்னா ரெண்டு வண்டி கனமும் கால் பிரேக் மேலதான், கால் பிரேக்கு சூடாகி பிடிக்காம போக அதிக நேரம் ஆகாது. பின்னாடி வண்டிக்கு காத்து இருந்தா, பின்னாடி இருக்குறவன் முதல்ல லேசா பிரேக் பிடிக்கணும், அப்புறம் முன்னாடி. பார் எப்பவும் இழுபட்டே இருக்கணும், தள்ளப்பட்டா முன்னாடி வண்டிய மூக்கால நெம்பி திருப்பிடும். ஹார்ன் சிக்னல் முன்னாடியே பேசிக்கணும், ஒண்ணுன்னா பிரேக், ரெண்டுன்னா விடு, விடாம அடிச்சா நிறுத்து. கொண்டை ஊசில வெளிப்பக்கமா அகலமா எடுங்க, பின்னாடி வண்டி எப்பவும் உள்பக்கம் வெட்டிட்டுதான் வரும். கிளம்பி கொஞ்ச தூரத்துலயே ஒரு தடவை நிறுத்தி ஹப்ப எல்லாம் புறங்கையால தொட்டு பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க பிரேக் பிடிச்சிருக்கு, அப்படியே பின்னு, லாக், செயின் எல்லாம் இன்னொரு தடவை.

இனி அந்த தம்பிக்கு. அவன் வண்டில பின் ஊக்கு ஏற்கனவே இருக்கு, ஆனா பின் குறுக்கு சட்டத்துல துரு ஏறி ரெண்டு போல்ட்டு சாதா போல்ட்டா மாத்தி இருக்கு. ஊக்க கழட்டி, துருவ சுரண்டி, சட்டத்துக்கு உள்பக்கம் ஒரு கனமான பிளேட் குடுத்து, 10.9 கிரேடு போல்ட்டு புதுசா போட்டு டார்க் ரென்ச்ல இறுக்கணும், கொஞ்சம் ஓட்டுனதும் திரும்ப இறுக்கணும். சேஸ் நீள சட்டத்தோட மேல் கீழ் விளிம்புல வெல்டிங் அடிக்கவே கூடாது, ஓட்டையும் போட கூடாது, சூடு பட்ட இடத்துல விரிசல் விட்டு சேஸ் ஒரு நாள் ரெண்டா பிளக்கும். தெருமுனை வெல்டர் "நான் பாத்துக்குறேன் சார்"னுதான் சொல்லுவாரு. பாரை பைப்பு வாங்கி சொந்தமா அடிக்கிறதுக்கு நான் சம்மதிக்கல, ரேட்டட் டன் எழுத்து பொறிச்ச பாரா வாங்கு, இழுக்க போற டிப்பரோட மொத்த கனத்துக்கு மேல இருக்கணும்னு சொல்லிட்டேன். டிப்பர்ல ஜல்லி இருந்தா கொட்டிட்டு காலியா இழு. அப்புறம் பெயிண்ட்டு, ஆலிவ் க்ரீன் டிஃபென்ஸ் வண்டிக்கு மட்டும்தான், மோட்டார் வாகன விதியில தெளிவா இருக்கு, சிவில் வண்டி அந்த கலர்ல ஓட கூடாது. தம்பிக்கு அந்த கலர்மேலதான் ஆசை, மூஞ்சி தொங்கிப் போச்சு. வண்டில மாத்தம் பண்ணா ஆர்சி-ல ஏத்தணும்ங்கிறதையும் சொன்னேன், அதுக்கு தலைய மட்டும் ஆட்டுனான்.

கழட்டுற வேலையில எல்லாம் தலைகீழ். இடத்துக்கு வந்ததும் முதல்ல கேஷுவாலிட்டிக்கு கட்டை, அதுக்கப்புறம்தான் காத்து ஹோஸ கழட்டணும், அப்புறம் செயின், அப்புறம் ஊக்கு. கட்டை போடாம ஹோஸையும் ஊக்கையும் கழட்டுனா, ஸ்ப்ரிங்க திருகி வச்ச வண்டி தானா உருள ஆரம்பிக்கும். பின்னு வரலன்னா பார் இழுபட்டோ அமுங்கியோ நிக்குதுன்னு அர்த்தம், சுத்தியல் வேண்டாம், முன்னாடி வண்டிய ஒரு விரல்கடை முன்னயோ பின்னயோ நகத்துனா பின்னு தானா கைக்கு வரும். ஆளு வெளிய வந்தப்புறம் நகத்தணும், அதுவும் எழுத வேண்டி இருக்கு, ஏன்னா பாத்திருக்கேன். ஜாயின்ட்டு கழட்டுன வண்டி ஸ்டீரிங்ல ஒரு அட்டை கட்டி "ஜாயின்ட் இல்ல, பிரேக் திருகி இருக்கு"ன்னு எழுதி தொங்க விடுங்க, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வர்ற மெக்கானிக்குக்கு அது தெரியாது.